சாய்ந்த தொப்பி

லோஜினி கியூடெக்ஸ் பூசமாட்டாள். கல்யாணத்தன்று நகத்தில் பூசிவிட்டதையே மறுநாள் காலையில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் இறந்த பிறகு, அவள் காட்டுக்குக் கொண்டுபோகும் பையைத் திறந்தேன். உள்ளே ஒரு சிவப்புக் கியூடெக்ஸ் போத்தல். பாதி தீர்ந்திருந்தது.

யாருக்காகப் பூசினாள் என்று பல மாதங்கள் யோசித்தேன்.

அவள் இறந்தது எலிக்காய்ச்சலில். சேற்றிலும் ஓடைத் தண்ணீரிலும் வேலை செய்கிறவர்களுக்கு வருவது. நுவரெலியாவில் சேர்த்தோம். கண்டிக்கு மாற்றினார்கள். அங்கிருந்து வலப்பனைக்கு, அவளுடைய அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதைப் பற்றி எனக்குச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. நான் அழவில்லை. அழாததைப் பார்த்துச் சிலர் என்னைப் பாராட்டினார்கள்.

நுவரெலியாவில் ஒரு மிருக வைத்திய ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. மாட்டுச்சாணம், ஆட்டுப்புழுக்கை, கோழி எச்சம் எல்லாம் போத்தலில் வரும். நுணுக்குக்காட்டியில் பார்த்து உள்ளே என்ன ஒட்டுண்ணி இருக்கிறதென்று எழுதிக் கொடுப்பேன். லோஜினியும் நானும் ஒரே பாடம் படித்தவர்கள். நான் மேசைக்கு வந்தேன், அவள் காட்டுக்குப் போனாள். தேயிலை மலைகளுக்கு மேலே காட்டோரத்தில் திரியும் குரைக்கும் மான்களின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி.

ஒரு போத்தலையும் அவள் என்னிடம் காட்டியதில்லை. கேட்டால், "நீங்க பகல் முழுக்க அதத்தானே பாக்குறீங்க. வீட்டுலயும் புழுக்கையா?" என்று சிரிப்பாள். அவளுடன் காட்டுக்குப் போனவன் ஜெனுஷன். ஹட்டன்காரன். அவளுக்குக் கீழே படித்தவன். அவளை அக்கா என்பான்.

அந்த ஜெனுஷன் ஒரு மழை நாளில் ஹெல்மட்டும், நுரைப்பலகையில் செய்த ரெஜிபோம் பெட்டியுமாக ஆய்வுகூடத்துக்கு வந்தான். மெலிந்திருந்தான். பெட்டியிலிருந்து செம்மஞ்சள் தண்ணீர் நிரம்பிய போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். கடைசியாக ஒரு தட்டை. அதில் ஸ்லைட்கள். ஒவ்வொரு ஸ்லைடிலும் மேல் கண்ணாடியைச் சுற்றிச் சிவப்புக் கோடு.

"இது என்ன சிவப்பு?"

"கியூடெக்ஸ்ண்ணே. ஓரத்துல பூசினா உள்ள காயாது. கொஞ்ச மாசம் தாங்கும். அக்கா ராகலை டவுன்ல வாங்குனது. நாந்தான் கலர் சொன்னேன். கடைக்காரன் விடல பாருங்க, மிஸ்ஸோட கைக்கு ரோஸ்தான் எடுப்பா இருக்கும்னு ஒரே பிடி. அக்கா சொன்னாங்க, எங் கைக்கு இல்ல, மான் புழுக்கைக்குன்னு. அவன் மூஞ்சியப் பாக்கணுமே!"

அவன் சிரித்தான். நானும் சிரித்திருக்க வேண்டும். கியூடெக்ஸ் பூசி ஸ்லைடை ஒட்டுவது எனக்குத் தெரியாத வித்தையல்ல. மாதக்கணக்காக அது எனக்குத் தோன்றவில்லை. இப்போது போத்தலின் கதை தெரிந்துவிட்டது. நிம்மதி வரவில்லை. அந்தக் கடையில் அவள் சிரித்திருக்கிறாள், பக்கத்தில் இவன் நின்றிருக்கிறான் என்பதுதான் மனதில் நின்றது.

"இதுல இருக்கிற ஒட்டுண்ணி புதுசுண்ணே," என்றான். "யாரும் இதுவரைக்கும் பேர் வைக்காதது. நீங்க பாத்துச் சொல்லிட்டா கட்டுரைய அனுப்பிடலாம். ஒங்க கண்ணுக்குத் தப்பாதுன்னு அக்கா சொல்லுவாங்க."

அவள் அப்படிச் சொன்னதை நான் கேட்டதில்லை.

ஸ்லைடில் இருந்தது கொக்சிடியா, குடலில் வாழும் ஒற்றைக் கல உயிர். அதன் முட்டை புழுக்கையோடு வெளியே விழும். விழுந்த கையோடு பார்த்தால் உள்ளே ஓர் உருண்டை மட்டும் தெரியும், யாருடையது என்று சொல்ல முடியாது. செம்மஞ்சள் கரைசலில் போட்டு இளஞ்சூட்டில் வைத்தால் பழுக்கும். உருண்டை நான்கு பைகளாகப் பிரியும். பைக்கு இரண்டாக எட்டுக் குட்டிகள். அதன் பிறகுதான் அடையாளம் பார்க்கலாம். நீளம், அகலம், சுவரின் அடுக்கு, நுனியில் துளை, துளையின் மேல் தொப்பி. ஆட்டில் வாழ்வது பெரும்பாலும் மாட்டில் வாழாது, மாட்டில் வாழ்வது மானில் வாழாது. அதனால் யார் வயிற்றிலிருந்து வந்தது என்பது முக்கியம்.

லோஜினி வரைந்த படங்களையும் கொண்டுவந்திருந்தான். அவளுடைய கை. பேரிக்காய் வடிவத்தில் முட்டை, நுனியில் தொப்பி. தொப்பி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அளவுகளை ஓரத்தில் எழுதியிருந்தாள். பாலைவனத்துச் சிறுமான்களிலும் இந்தியப் புள்ளிமான்களிலும் கண்டுபிடித்த வகைகளின் படங்களை ஜெனுஷன் பக்கத்தில் பரப்பினான். எதற்கும் தொப்பி சாயவில்லை.

"அக்கா இதுக்கு கண்டாக்குன்னு பேர் வச்சிருந்தாங்க. பெரட்டுக்கு லேட்டாயி ஓடி வர்ற கண்டாக்கையா தொப்பி மாதிரி இருக்குன்னு. காட்டுல நாங்க அப்பிடித்தான் பேசுவோம். இன்னைக்கு எத்தனை கண்டாக்கு, அந்தப் போத்தல்ல கண்டாக்கு இல்லன்னு."

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தோட்டத்துத் துரைக்கு அடுத்தபடி நின்று அதட்டுகிறவர் கண்டாக்கு. தோட்டத்தில் வேலை செய்த லோஜினியின் அப்பா கந்தப்பன் அப்படியொருவரிடம் வாழ்நாள் முழுவதும் ஏச்சு வாங்கியவர். நல்ல பகிடி. எனக்கு இப்போதுதான் தெரியும்.

"ஆனா கட்டுரைக்கு அந்தப் பேரு வேணாம்ண்ணே," என்றான். மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். முதல் வரியில் புதிய உயிரின் பெயர்.

ஐமேரியா லோஜினியே, ஜெனுஷன்.

ஐமேரியா குடும்பப் பெயர், லோஜினியே என்றால் லோஜினியின் நினைவாக. எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. புது உயிருக்குப் பெயர் வைத்தால், வைத்தவருடைய பெயரும் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். உலகத்தில் யார் எந்தப் புத்தகத்தில் எழுதினாலும் இரண்டும் சேர்ந்துதான் வரும். பிரிக்க முடியாது. சாவும் பிரிக்காது. கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் ஒரு தடவை அச்சானது. மிச்சமான பத்திரிகைகளில் அம்மா சீனி மடித்தாள்.

"சந்தோஷமாண்ணே?" என்று கேட்டான். முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

அவர்களுக்குள் ஒன்றும் இருக்கவில்லை. அது எனக்குத் தெரியும். பொறாமைக்கு அது தேவையுமில்லை.

போத்தல்களில் ஒட்டியிருந்த துண்டுகளைப் படித்தேன். சாய்ந்த தொப்பி கிடைத்த போத்தல்கள் எல்லாவற்றிலும் ஒரே இடம் எழுதியிருந்தது. ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், மீனம்மாவின் பாத்தி.

"பாத்தின்னா?"

"லயத்துக்குப் பின்னால மரக்கறித் தோட்டம்ண்ணே. மான் அங்கதான் எறங்கும்."

"அந்த அம்மா ஆடு வளக்குதா?"

"வளக்குறாங்க."

எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. தோட்டத்தில் ஆடு வளர்க்கிறவர்கள் ஆட்டெருவைப் பாத்தியில்தான் கொட்டுவார்கள். சின்ன மானின் புழுக்கையும் ஆட்டுப்புழுக்கையும் மழையில் ஊறிவிட்டால் அண்ணன் தம்பி. இது ஆட்டின் ஒட்டுண்ணியாக இருந்தால் புதிதல்ல. புதிதல்ல என்றால் பெயரில்லை. பெயரில்லை என்றால் அந்த வரி இல்லை.

"ஆட்டையும் பாக்கணும்," என்றேன். "பாக்காம எழுதித் தரமாட்டேன்."

"பாப்போம்ண்ணே. அதுதான் சரி," என்றான் உடனே. சண்டை பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ராகலை பஸ்ஸில் போனோம். லய வரிசையில் கடைசி வீடு. மீனம்மா ஐம்பது வயதுக்காரி, கொழுந்து எடுக்கிறவள், தலையில் துண்டோடு பாத்தியில் நின்றாள். ஜெனுஷனைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தாள்.

"வாங்க தம்பி! எவ்வளவு நாளாச்சு. மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். எங்க, வீட்டுக்காரம்மா வரலையா?"

ஜெனுஷன் என்னைப் பார்த்தான். காதுவரை சிவந்துவிட்டான்.

"அக்கா என் வீட்டுக்காரம்மா இல்லங்கம்மா. இந்தா, இவரோட வீட்டுக்காரம்மா." நிறுத்தினான். "அக்கா தவறிட்டாங்கம்மா. காய்ச்சல்ல."

மீனம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தப் புள்ளயா? ஐயோ சாமி. வந்தா வாய் ஓயாதே அதுக்கு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "தப்பா எடுத்துக்காதீங்க சேர். இந்தக் கல்லுலதான் உக்காந்து ரெண்டு பேரும் ஒரே பார்சலப் பிரிச்சுத் திம்பாங்க. அதான் அப்பிடி நெனச்சுட்டேன். கூறு கெட்டவ நான்."

"பரவால்லைங்க," என்றேன்.

அந்தப் பார்சலைக் கட்டியது நான். அவள் காட்டுக்குப் போகும் நாட்களில் எழுந்து சோறாக்கி, பருப்பும் கிழங்குப் பிரட்டலும் வைத்து மடிப்பேன். "இன்னுங் கொஞ்சம் வைங்க, மலை ஏறுனா பசிக்கும்" என்பாள். வைத்தேன். யாருக்குப் பசித்தது என்று இப்போது தெரிந்தது.

பாத்தியைப் பார்த்தேன். லீக்ஸ், பீட்ரூட், கோவா. மண்ணெல்லாம் கறுப்புப் புழுக்கை.

"ஆட்டெருதானே போடுறீங்க?"

"வேற என்னத்தப் போட, உரம் விக்கிற வெலைக்கு? எல்லாம் நம்ம வீட்டு ஆடுங்க போட்டதுதான்."

"மானும் வருமா?"

"வராம? பீட்ரூட் எலைன்னா உசுரு அதுக்கு. வந்து வயிறு நெறயத் தின்னுட்டு, கூலியா நாலு புழுக்கயப் போட்டுட்டுப் போகும். அந்தக் கூலியத்தான் ஒங்க வீட்டுப் புள்ள பொறுக்கிட்டுப் போகும். எதுக்கு கண்ணு இதுன்னு கேட்டா, உள்ள கண்டாக்கு இருக்காரும்மான்னு சொல்லும்." மீனம்மா சிரித்து, சிரித்தது தப்போ என்று என்னைப் பார்த்து நிறுத்தினாள். "நாஞ் சொன்னேன், எங்க கண்டாக்கையாவுக்கும் அதான் பொருத்தமான எடம், அங்கயே இருக்கட்டும்னு."

மீனம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது.

ஜெனுஷனிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன். "பாத்தியா? ரெண்டும் ஒரே எடத்துல கெடக்குது."

"அக்கா பாத்துத்தான் எடுப்பாங்கண்ணே."

"மழையில ஊறுனா என்னத்தப் பாக்குறது?"

ஆடுகள் பரண்மேல் நின்றன. ஒவ்வோர் ஆட்டின் கீழிருந்தும் எடுத்துப் போத்தலில் போட்டேன். ஆடு மேலே காட்டுக்குப் போகுமா என்று கேட்டேன். "புலி திங்கவா? ஒருநாளும் விடமாட்டேன்," என்றாள் மீனம்மா. அப்படியானால் காட்டோரத்தில் கிடைப்பது மானுடையது மட்டும்தான். அங்கும் எடுக்க வேண்டும்.

தேயிலை முடிகிற இடத்தில் ஏற்றம் செங்குத்து. ஜெனுஷன் முன்னால் ஏறித் திரும்பிக் கையை நீட்டினான். பழகிய கை. "இங்க வழுக்கும்ண்ணே. அக்கா ஒரு தடவை இங்கதான் விழுந்து முழங்கால தேச்சுக்கிட்டாங்க."

அந்த முழங்காலுக்கு மருந்து போட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ராகலை பஸ் ஸ்டாண்டில் விழுந்ததாகச் சொல்லியிருந்தாள். மலையில் விழுந்ததாகச் சொன்னால் நான் மறுபடி போக விடமாட்டேன் என்று நினைத்திருப்பாள். விட்டிருக்கமாட்டேன்தான். அவனுடைய கையைப் பிடிக்காமல் புல்லைப் பிடித்து ஏறினேன். சட்டையெல்லாம் சேறு.

காட்டோரத்தில் மான் தடத்தின் மேலேயே புதிதாகக் கிடந்தது. எடுத்துக்கொண்டு இறங்கினோம். மீனம்மா தேத்தண்ணி தந்தாள். ஆளுக்கு ஒரு கோவா கொடுத்தனுப்பினாள்.

நுவரெலியாக் குளிரில் முட்டை பழுக்காது. பல்ப் போட்ட பலகைப் பெட்டிக்குள் போத்தல்களை வைத்தேன். கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டுகிற மாதிரிப் பெட்டி. தினமும் மூடியைத் திறந்து கிண்டிவிடுவேன். லோஜினி இறந்த பிறகு நான் எதற்காகவும் அவ்வளவு ஆவலாகக் காத்திருந்ததில்லை. ஆட்டுப் போத்தலில் அந்தத் தொப்பி இருக்க வேண்டும். வேண்டியது அவ்வளவுதான்.

பழுத்த அன்று ஜெனுஷனை வரச்சொன்னேன். அவன் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தான். முதலில் ஆட்டின் ஸ்லைடை வைத்தேன். சீனிக் கரைசலில் முட்டைகள் மேலே மிதந்து வந்திருந்தன. உருண்டையாகச் சில, நீளமாகச் சில. பிறகு ஒன்று. பேரிக்காய் வடிவம். நுனியில் தொப்பி.

பெரிதாக்கிப் பார்க்காமலே நிமிர்ந்தேன்.

"தொப்பி இருக்கு," என்றேன்.

அவன் எழுந்து வந்து பார்க்கவில்லை. "அப்ப ஆட்டோடதுதானா? சரிண்ணே. நீங்க சொன்னாச் சரிதான்." தட்டை இழுத்து, சிவப்பு ஓரம் போட்ட ஸ்லைட்களை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தான். "அக்கா பிழை விட்டுட்டாங்க போல."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நான் பேசாமல் இருந்தால் போதும். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்குப் போய்விடுவான். அந்த வரியை அழித்துவிடுவான்.

அக்கா பிழை விட்டுட்டாங்க போல. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்.

மீண்டும் குனிந்தேன். எண்ணெய் விட்டுப் பெரிதாக்கினேன். தொப்பி நேராக இருந்தது. சாயவில்லை. அடுத்ததைத் தேடினேன். அதுவும் நேர். சுவர் மெல்லியது, துளை அகலம். ஆட்டில் வழக்கமாகக் காண்கிற பழைய வகை. நான் ஆயிரம் தடவை பார்த்தது. லோஜினி வரைந்த சுவர் தடிப்பு, துளை ஊசிமுனை. எனக்குத் தெரியாமல் போனதல்ல. தெரிய விரும்பவில்லை.

ஆட்டு ஸ்லைடை எடுத்துவிட்டு, காட்டோரத்து மானின் ஸ்லைடை வைத்தேன். தேடித் தேடிக் கண் வலித்தது. ஒரு மூலையில் இருந்தது. தடித்த சுவர், உள்ளே நான்கு பை. தொப்பி ஒரு பக்கம் சாய்ந்து, பெரட்டுக்குப் பிந்தி ஓடிவருகிற ஆள் மாதிரி. அவள் வரைந்த அதே கோணம்.

"ஜெனுஷன்."

"என்னண்ணே."

"அவ பிழை விடமாட்டா. வந்து பாரு."

அவன் பார்த்தான். நெடுநேரம் தலையைத் தூக்கவில்லை. ஆட்டினுடையதையும் மாற்றி வைத்துக் காட்டினேன். நேரான தொப்பி, சாய்ந்த தொப்பி. நிமிர்ந்தபோது அவனுக்குக் கண் நிறைந்திருந்தது. துடைக்கவும் இல்லை. தேம்பித் தேம்பி அழுதான், என் முன்னால், என் மனைவிக்காக. எனக்கு வராத அழுகை அவனுக்கு வந்தது. அதையும் அவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அழுது முடித்துவிட்டுக் கேட்டான். "அப்ப அந்தப் பேர அனுப்பிரவாண்ணே?"

"எந்தப் பேரு? அதுக்குத்தான் ஏற்கெனவே பேரு வச்சாச்சே."

"எதுண்ணே?"

"கண்டாக்கு."

"ஐயோ அது சும்மா சிரிப்புக்குண்ணே."

"வச்சது யாரு?"

"அக்கா."

"வரைஞ்சது, அளந்தது?"

"அதுவும் அக்காதான். நான் போத்தல் தூக்குனதுதான்."

"அப்ப பின்னால யாரு பேரு வரணும்?"

அவன் மடிக்கணினியைத் திறந்தான். அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். செத்தவர்களின் பெயரிலும் கட்டுரை போகும், அவனுக்கும் தெரியும். உயிருக்கு அவள் பெயரை வைத்தால் பின்னால் ஓர் ஆணின் பெயர் வேண்டும். பெயர் வைத்தவளே அவளாக இருந்தால் யாரும் வேண்டாம். அவள் பெயரோடு வரி முடிந்துவிடும்.

ஒரு விரலால் எழுத்து எழுத்தாக அழித்தான். பிறகு தட்டினான்.

ஐமேரியா கண்டாக்கு, லோஜினி.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் தன் பெயருக்கு முன்னால் என் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொண்டாள். இந்த வரியில் முதலெழுத்துக்கு இடமில்லை. சரி. எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை.

"நம்ம ரெண்டு பேரும்?" என்றான்.

"கடைசியில நன்றின்னு போட்டு, மீனம்மாவுக்குக் கீழ போடு."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். "எனக்கு இது தோணவே இல்லண்ணே. அக்காவுக்காக நீங்க எவ்வளவு யோசிக்கிறீங்க."

நான் நுணுக்குக்காட்டியின் விளக்கை அணைத்தேன்.

காட்டோரத்து ஸ்லைடைப் பாதுகாத்து வைக்க வேண்டும், கட்டுரையோடு காட்ட. கோட்டுப் பையிலிருந்து சிவப்புப் போத்தலை எடுத்தேன். அதைக் கண்டதும் அவன் கை தானாக நீண்டது.

"குடுங்கண்ணே, நான் பூசுறேன். அக்கா புடிச்சுக்குவாங்க, நாந்தான் எப்பவும்..."

"வேணாம். நீ புடி."

அவன் ஸ்லைடை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்தான். போத்தலில் கியூடெக்ஸ் இறுகியிருந்தது. ஒரு சொட்டு அசிற்றோன் விட்டுக் குலுக்கினேன். நான் இதுவரை கியூடெக்ஸ் பூசியதில்லை. கோடு நேராக வரவில்லை. கண்ணாடியின் நான்கு பக்கமும் சுற்றி முடிப்பதற்குள் என் கட்டைவிரல் நகத்திலும் சிவப்பு பட்டுவிட்டது.

ஜெனுஷன் பஞ்சை நீட்டினான். "இதால துடைங்கண்ணே, போயிரும்."

"இருக்கட்டும்," என்றேன்.